நாற்பத்தேழு இல்லாத செல்கள்

அந்தத் திங்கட்கிழமை காலை இருட்டறையிலிருந்து ஜெல்லக்கா ஃபிலிமோடு வெளியே வந்தபோதே முகம் சரியில்லை. இருபத்தாறு வருடமாக அந்த ஆய்வு நிறுவனத்தில் ஜெல் ஓட்டுகிறவர். செல்லை உடைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை எடை வாரியாகப் பிரித்து, பட்டை பட்டையாகக் காட்டுகிற வேலை. அதில் அவர் கையை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. எதையும் சத்தமாகச் சொல்லியே பழக்கப்பட்டவர், அன்று குரலைத் தணித்துக்கொண்டார்.

"மேடம், நான் ஏதோ மாத்தி ஊத்திட்டேன் போல."

காயம் மேடம் ஈரம் சொட்டும் ஃபிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நிறுவனத்தில் மேடம்கள் இரண்டு பேர். ஈஸ்ட் வளர்க்கிறவர் ஈஸ்ட் மேடம். காயம் எப்படி ஆறுகிறது என்று பார்க்கிறவள் காயம் மேடம். வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை அப்படித்தான் சொல்வார்கள். நேரில் மட்டும் முன்பாதியை விழுங்கிவிடுவார்கள். அவளுக்கும் அது தெரியும்.

ஃபிலிமில் இரண்டு வரிசைகள். இடது பக்கம் சாதாரண செல்கள். வலது பக்கம், நாற்பத்தேழு என்ற புரதத்தைச் செய்யும் மரபணுவையே வெட்டி எறிந்துவிட்ட செல்கள். இடது பக்கம் கறுப்பாக ஒரு பட்டை இருக்க வேண்டும், வலது பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டிலும் பட்டை இருந்தது. அதே இடம், அதே கறுப்பு.

ஜெல்லக்கா மாற்றி ஊற்றுகிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும், "இன்னொரு தடவை ஓட்டிப் பாப்போம் அக்கா," என்றாள்.

நாற்பத்தேழு அவளுடைய புரதம். அதன் எடையே அதற்குப் பெயராகிவிட்டது. ஆறு வருடம் முன்பு அவள் எழுதிய கட்டுரை இதுதான்: தோலில் வெட்டு விழுந்ததும் வெட்டின் ஓரத்தில் இருக்கும் செல்களுக்குச் செய்தி வருகிறது. செல்லின் வெளிச்சவ்வில் வந்து சேரும் அந்தச் செய்தியை உள்ளே உட்கரு வரைக்கும் யாராவது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், "கிளம்பு, ஓட்டையை மூடு" என்று சொல்ல வேண்டும். அப்படி ஓடுகிற தூதுவன் நாற்பத்தேழுதான் என்று அவள் சொன்னாள். நாற்பத்தேழைக் கண்ணால் பார்க்க முடியாது. முயலின் உடம்பில் உண்டாக்கி எடுத்த ஓர் ஆன்டிபாடி இருந்தது. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே நாற்பத்தேழை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி விற்றார்கள். அது ஒட்டிய இடம்தான் அந்தக் கறுப்புப் பட்டை.

அந்த நாளில் மரபணுவை அடியோடு வெட்டுவது இவ்வளவு லேசான காரியம் இல்லை. செல்லில் நாற்பத்தேழின் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். பட்டை கொஞ்சம் மங்கியது போலத் தெரிந்தது. மங்கியது என்றே எழுதினார்கள். அந்த "போல" எங்கே விழுந்தது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

கட்டுரை பேர் வாங்கியது. நிறுவனத்தில் அவளுக்கென்று ஓர் ஆய்வகம் கிடைத்தது. பத்திரிகையில் படம் வந்தது. அதை மாமியார் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு, வீட்டுக் கூடத்தில் உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டினார். உலகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் நாற்பத்தேழை நம்பி வேலையைத் தொடங்கின.

ஐந்து வாரம் அவளும் ஜெல்லக்காவும் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. மரபணு உண்மையிலேயே வெட்டுப்பட்டிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். வெட்டுப்பட்டிருந்தது. புதிதாகச் செல்களைச் செய்தார்கள். ஆன்டிபாடியின் வேறு குப்பியை வரவழைத்தார்கள். ஒன்பது தடவை ஓட்டினார்கள். ஒன்பது தடவையும் பட்டை அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஆன்டிபாடி இத்தனை வருடமும் அதே எடையுள்ள வேறு எதையோ பிடித்துக்கொண்டு நாற்பத்தேழு என்று சொல்லி வந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. தட்டின் அடியில் விரிப்பு மாதிரி நெருக்கமாக வளர்ந்திருந்த செல்களுக்கு நடுவே, திரவத்தை உறிஞ்சி அளக்கிற பிப்பெட்டின் முனையால் நேராக ஒரு கோடு கீறினாள். காயத்துக்கு அவர்களிடம் இருந்த மாதிரி அதுதான். ஒரு தட்டில் சாதாரண செல்கள், இன்னொன்றில் நாற்பத்தேழு இல்லாத செல்கள். மறுநாள் மதியம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இரண்டு தட்டிலும் கரையோரச் செல்கள் காலை நீட்டி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கோட்டை ஏறக்குறைய மூடிவிட்டிருந்தன. அவள் இத்தனை வருடம் கொண்டாடிய தூதுவன் ஒருநாள்கூட வேலைக்கே போனதில்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அவமானம் காதுவரை ஏறியது. அதோடு கூடவே, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஒரு மகிழ்ச்சியும் வந்தது. பல வருடத்துக்குப் பிறகு செல்கள் அவளிடம் ஏதோ சொல்லியிருந்தன, அவள் கேட்காத ஒன்றை.

அன்று சாயங்காலம் பழைய மின்னஞ்சல் ஒன்றைத் தேடி எடுத்தாள். வேறொரு நாட்டு ஆராய்ச்சி மாணவி இரண்டு வருடம் முன்பு எழுதியது. உங்கள் சோதனையை மூன்று வருடமாகச் செய்கிறேன், வரமாட்டேன் என்கிறது. என் கை சரியில்லை என்று என் பேராசிரியர் சொல்கிறார். நான் எங்கே தவறுகிறேன் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். காயம் மேடம் அன்றைக்கு இரண்டே வரியில் பதில் போட்டிருந்தாள். வெப்பநிலையைச் சரிபார்க்கவும். ஆன்டிபாடி புதியதாக இருக்கட்டும். இப்போது அதைப் படிக்கையில் அந்த இரண்டு வரியும் யாரோ அலட்சியக்காரி எழுதியது போலிருந்தது. உடனே அந்த முகவரிக்கு எழுதினாள். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. தேடிப் பார்த்ததில் அந்தப் பெண் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்தது.

கட்டுரை தவறு என்று அது வந்த இதழிலேயே சொல்லி அதைத் திரும்பப் பெறுவது என்று அவள் முடிவு செய்தது அந்த இடத்தில்தான்.

வீட்டில் முதலில் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து வந்து நகக்கண்ணில் ஏறிய கிரீஸைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டான். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டான். பிறகு, ஆறு வருடமாக யாரும் வந்து சட்டையைப் பிடிக்கவில்லை, இனிமேல் யார் பிடிக்கப்போகிறார்கள், நீயாகப் போய் ஏன் கழுத்தை நீட்ட வேண்டும் என்றான்.

"நீ யாரையும் ஏமாத்தலியே. தப்பா நெனச்சிருக்க, அவ்வளவுதானே?"

"நேத்து வரைக்கும் தப்பா நெனச்சேன். நாளையில இருந்து வாய மூடிட்டு இருந்தா அதுக்குப் பேரு ஏமாத்துறதுதான்."

அவன் குழாயை மூடினான். இரண்டு நாள் அவர்களுக்குள் பேச்சு, சாவி எங்கே, கதவைப் பூட்டினாயா என்ற அளவிலேயே ஓடியது. மூன்றாம் நாள் காலை வண்டியை எடுக்கும்போது, எழுத வேண்டியதை எழுது, ஆனால் அழுதுகொண்டு எழுதாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மாமியார் காது கேளாதவர் மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். படத்தைக் கழற்ற வேண்டுமா என்பதுதான் அவருடைய கவலை. கழற்றிவிடலாம் அத்தை என்று மருமகள் சொன்னதும் எழுந்து போய்ப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஃபோட்டோல நீ நல்லாத்தான் இருக்க. கீழ எழுதியிருக்கிறத மட்டும் ஒரு பேப்பர ஒட்டி மறச்சிடுறேன்."

மறைத்தும்விட்டார்.

திரும்பப் பெறும் படிவத்துக்குக் கட்டுரையில் பெயர் உள்ள எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டும். இயக்குநரிடம் போவதுதான் கடினமாக இருந்தது. கட்டுரையில் கடைசிப் பெயர், அதாவது தலைமை ஏற்றவரின் இடம், அவருடையது. அவளை வேலைக்கு எடுத்தவர், ஆரம்ப நாட்களில் அவளுக்காகப் பல பேரிடம் வாதாடியவர். கெட்டிக்காரர், இருபது வருடம் முன்பு அவரே கையில் பிப்பெட்டோடு நின்றவர். அவருடைய மேஜைமேல் புதிதாகக் கட்டப்போகும் கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்று அட்டையில் செய்து வைக்கப்பட்டிருந்தது. காயம் ஆறுதல் பற்றிய ஆய்வுக்கென்றே ஒரு பிரிவு. அதற்குப் பணம் கொடுப்பதா என்று பார்க்க மூன்று வாரத்தில் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது.

ஒன்பது ஃபிலிமையும் அவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை. பட்டை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். பழைய கட்டுரை எதைத் தோண்டினாலும் உள்ளே ஏதாவது ஓட்டை இருக்கும். குற்றம் ஆன்டிபாடி விற்றவனுடையது. நாற்பத்தேழின் வேலை சூழ்நிலையைப் பொறுத்து மாறும் என்று இன்னொரு கட்டுரை எழுதலாம். அது பழையதை மெதுவாக மூடிவிடும். குழு வந்து போகட்டும்.

"விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கும்மா. நமக்கு என்ன அவசரம்?"

"அது தானா திருந்தாது சார். யாராவது ஒருத்தர் உக்காந்து திருத்தணும்."

"அது நீயாத்தான் இருக்கணுமா?"

"எழுதினது நான்தானே சார்."

அவர் அட்டைக் கட்டடத்தைப் பார்த்தார். "நீ இதச் செஞ்சா உன் லேப என்னால காப்பாத்த முடியாது. மிரட்டுறேன்னு நெனைக்காத. நெஜமாவே முடியாது."

"காப்பாத்தச் சொல்லி நான் வரல சார். கையெழுத்துக் கேட்டு வந்திருக்கேன்."

கையெழுத்து கிடைக்கவில்லை. குழுவின் முன் அவள் புது மைக்ரோஸ்கோப்பைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஃபிலிம்களை உறையில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கட்டுரையில் பெயர்கள் நான்கு. பழைய மாணவர் ஒருவர் கடல் கடந்து போயிருந்தார். விஷயத்தை எழுதியதும் அன்றைக்கே "சம்மதம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினார். மிச்சம் ஜெல்லக்கா. ஒன்பது தடவையும் ஜெல்லை ஓட்டியவர் அவர்தான். அவர் மறுப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. படிவத்தை நீட்டியதும் அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு இது போனா இன்னொண்ணு வரும் மேடம். எனக்கு இருபத்தாறு வருஷத்துல பேரு அச்சுல வந்தது இது ஒண்ணுதான்."

அது உண்மை. ஜெல் ஓட்டுகிறவர்களின் பெயரைக் கட்டுரையில் யாரும் போடுவதில்லை. கடைசியில் நன்றி சொல்கிற வரியில் சின்ன எழுத்தில் வரும், பாதி நேரம் எழுத்துப் பிழையோடு. இவள் மட்டும் அன்று பிடிவாதம் பிடித்து மூன்றாவது பெயராகப் போட்டாள். அந்தப் பக்கத்தை அக்கா பிரதி எடுத்து, மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடக் காட்டியிருந்தார்.  காயம் மேடத்துக்குச் சரி என்று விடவும் முடியவில்லை, கெஞ்சவும் முடியவில்லை. மன்னிச்சிடுங்க அக்கா என்று சொல்லிப் படிவத்தை மேஜைமேல் வைத்தாள்.

அடுத்த இரண்டு நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. யாரும் தொடாத ஜெல் பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. தன்னுடைய நேர்மைக்கு இன்னொருத்தர் விலை கொடுப்பது எந்த நியாயம் என்று யோசித்தாள்.  விடை கிடைக்காமலேயே ஜெல்லைத் தானே ஊற்றினாள். அது ஓரத்தில் கசிந்து மேஜை முழுக்க ஓடியது.

மூன்றாம் நாள் அக்கா வந்தார். கசிந்த ஜெல்லைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றார்.

"வாபஸ் வாங்குறோம்னு அவங்க அச்சடிப்பாங்கல்ல, அதுலயும் என் பேரு வரணும். தப்பக் கண்டுபிடிச்ச ஃபிலிம் யாரு ஓட்டினதுன்னு அதுல எழுதணும். எழுதுவீங்களா?"

"முதல் வரியிலயே எழுதுறேன் அக்கா."

"முதல் வரி வேணாம். தெரியுற மாதிரி இருந்தாப் போதும்."

குழு வந்த அன்று அரங்கில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் வெளியிலிருந்து வந்த ஐந்து பேர். தலைவர் ஒரு வயதான பெண்மணி, நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தவர். காயம் மேடத்தின் பெயர் அழைக்கப்பட்டபோது மைக்ரோஸ்கோப்பைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று இயக்குநர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் திரையில் முதல் படத்தைப் போட்டாள். ஆறு வருடம் முன்பு அச்சான அந்தப் பட்டை. இது என் கட்டுரையின் முதல் படம், உங்களில் பாதிப் பேர் வகுப்பில் காட்டியிருப்பீர்கள் என்றாள். இரண்டாவது படத்தைப் போட்டாள். இது நாற்பத்தேழின் மரபணுவே இல்லாத செல். அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அரங்கில் இருந்தவர்கள் எல்லாம் பட்டை பார்த்தே வயதானவர்கள். பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டியது கேட்டது.

 பேசும் மேடையின் மரத்தை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கட்டுரை தவறு, திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டேன், இதை நம்பி உழைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடியும் படித்தாள்.

இயக்குநர் எழுந்தார். கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல், இவை ஆரம்பநிலை முடிவுகள், இன்னும் உறுதியாகவில்லை, குழு இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

"ஒம்பது தடவ ஓட்டியிருக்கோம்," என்றாள் அவள். "ஒம்பது ஃபிலிமும் அந்த மேஜை மேல இருக்கு. யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

மேஜைக்குப் பக்கத்தில் ஜெல்லக்கா நின்றுகொண்டிருந்தார், கல்யாண வீட்டில் நகைப் பெட்டிக்குக் காவல் நிற்கிறவர் மாதிரி.  குழுத் தலைவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போனார். ஒவ்வொரு ஃபிலிமாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள், அப்புறம் வரிசையே நின்றது.

"அப்போ இந்தப் பட்டை எது?" என்று தலைவர் அங்கிருந்தே கேட்டார்.

"தெரியாது," என்றாள் காயம் மேடம் மைக்கில்.

பல வருடமாக அந்த அரங்கில் யாரும் மைக்கில் சொல்லாத வார்த்தை அது.

அதற்குப் பிறகு நடந்தது இயக்குநர் சொன்னபடியேதான். பெரிய ஆய்வகம் வேறொருவருக்குப் போனது. அவளுக்குக் குளிர்பதன அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை ஒதுக்கினார்கள். கம்ப்ரஸர் ஓடும்போது உரக்கப் பேசினால்தான் காதில் விழும். பதவி உயர்வு நின்றது. தன்னிடம் இருந்த மாணவர்கள் இருவரை ஈஸ்ட் மேடத்திடம் அனுப்பிவைத்து, பரிந்துரைக் கடிதமும் அவளே எழுதிக் கொடுத்தாள். நடைபாதையில் சிலர் அவளைக் கண்டதும் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சில நாள் காலையில் எழுந்து கிளம்பவே மனம் வராது. கிளம்பினாள். குனியாமல் நடந்தாள். எதிரே வருகிறவர்களுக்கு அவளே முதலில் வணக்கம் சொன்னாள், அவர்கள் பதில் சொல்லித் தீர வேண்டும் என்பதற்காகவே.

இயக்குநரின் கட்டடம் வேறு பெயரில் எழும்பத் தொடங்கியது. அவரும் அவளும் லிஃப்டில் ஒருமுறை தனியாக மாட்டிக்கொண்டார்கள். நான்கு மாடி இருவரும் எண்களையே பார்த்துக்கொண்டு போனார்கள். இறங்கும்போது அவர் கதவைக் கையால் பிடித்து நிறுத்தி அவளை முன்னால் போகச் சொன்னார். அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து இதழில் அறிவிப்பு வந்தது. மூன்று ஆசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள், ஒருவர் உடன்படவில்லை என்று இருந்தது. நடுவில் தெளிவாக ஜெல்லக்காவின் பெயர். அதே வாரம் ஈஸ்ட் மேடம் இரண்டு கோப்பை டீயோடு சின்ன அறைக்கு வந்து, உட்கார இடம் இல்லாமல் நின்றபடியே, தன்னுடைய ஏழு ஆன்டிபாடிகளையும் இதே மாதிரி சோதித்துப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டு தேறவில்லையாம். உன்னைத் திட்டிக்கொண்டேதான் பார்த்தேன் என்றார்.

படிப்பை விட்ட பெண்ணின் புது முகவரியும் கிடைத்தது. காயம் மேடம் நீளமாக எழுதினாள். பதில் சுருக்கமாக வந்தது. தெரிவித்ததற்கு நன்றி, நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், அறிவிப்பை என் பழைய பேராசிரியருக்கும் அனுப்புங்கள், முகவரி கீழே. அன்றைக்கே அனுப்பினாள்.

பட்டையாக உட்கார்ந்திருந்த அந்தப் புரதம் எது என்று கண்டுபிடிக்கும் வேலையை அவளும் ஜெல்லக்காவும் கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே தொடங்கினார்கள். அது செய்தி கொண்டு ஓடுகிறதா, சும்மா நிற்கிறதா, எதுவும் தெரியாது.

வருடக் கடைசியில் எல்லோரும் நிரப்பித் தர வேண்டிய படிவம் வந்தது. "இந்த ஆண்டின் முக்கியச் சாதனைகள்" என்று ஒரு கட்டம். அதில் அவள், "ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது" என்று எழுதி அனுப்பினாள். அலுவலகத்திலிருந்து படிவம் சிவப்புச் சுழியோடு திரும்பி வந்தது. அதையே மறுபடி எழுதி அனுப்பினாள். மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை அலுவலக எழுத்தரே படிவத்தோடு கீழே இறங்கி வந்துவிட்டார்.

"மேடம், இது சாதனைல வராது."

"வேற எந்தக் கட்டத்துல வரும்? சொல்லுங்க, அங்க எழுதுறேன்."

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். வேறு கட்டம் இல்லை. கம்ப்ரஸர் நின்று அறை சட்டென்று அமைதியானது. அவர் பையிலிருந்து முத்திரையை எடுத்து, மேஜையில் இடம் ஒதுக்கி, பலமாகக் குத்தினார்.

"அடுத்த வருஷமும் இப்படித்தானா மேடம்?"

"தப்பு இருந்தா," என்று சொல்லிவிட்டு அவள் பிப்பெட்டை எடுத்தாள்.